எழுதிக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள்: விசேட தேவையுடைய பிள்ளைகளின் வன்னிப் பெற்றோருக்கு

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த ஆண்டில் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பாடசாலைக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். கதிரை தந்து இருத்தினார்கள், பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். "கொஞ்சம் நடக்கப் பழகட்டும் அம்மா, அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார்கள். அடுத்த வருடமும் அதே கதிரை, அதே பதில். மூன்றாம் வருடம் மேலிடத்தில் முறையிடப் போனபோது, "நீங்கள் அனுமதி கேட்டதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வருடமும் நான் வாயால்தான் கேட்டிருந்தேன்.

அந்த இரண்டு வருடங்கள் இன்னொரு பிள்ளைக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு ஒரு குறைபாடு இருக்கிறது என்று அண்மையில் அறிந்துகொண்ட தாய் தகப்பனுக்கும், அம்மம்மா அப்பப்பாமாருக்கும் இது உதவும். எங்கள் பகுதியில் அவர்களே வளர்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

முதலில் வைத்தியரின் எழுத்து

"வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வயதில் பேச்சு வராத பிள்ளைக்கும், ஒரு வயதாகியும் கழுத்து நிற்காத பிள்ளைக்கும் காத்திருப்பது நல்லதல்ல. வற்றாப்பளை அம்மனுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வையுங்கள், நானும் வைத்தேன். கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

உங்கள் கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில், எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் இருக்கிறது. எதைச் செய்யவில்லை என்பதை அவரிடம் காட்டிக் கேளுங்கள். அவரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குழந்தை நல வைத்தியரிடம் அனுப்பிவைப்பார்கள். கிளிநொச்சி, வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. முல்லைத்தீவுக்காரருக்கு அது மாஞ்சோலையில் இருக்கிறது. சில பரிசோதனைகளுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொல்வார்கள். துணுக்காய்ப் பக்கத்திலோ முழங்காவில் பக்கத்திலோ இருந்து போகிறவருக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிற பயணம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே போகிற நாளில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள்.

நோயின் பெயர் மட்டும் எழுதிய துண்டு போதாது. "இந்தப் பிள்ளையால் எதைச் செய்ய முடியும், எதற்கு உதவி தேவை என்றும் எழுதித் தாருங்கள்" என்று வைத்தியரிடம் கேளுங்கள். "மூளை முடக்குவாதம்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தால் பாடசாலை பயந்துவிடும். "பிறர் சொல்வதை விளங்கிக்கொள்வாள், இருந்து எழுதுவாள், மலசலகூடத்துக்குப் போகத் துணை வேண்டும்" என்று எழுதியிருந்தால் ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய வேலை தெரியும். என் மகளின் கதை மாறியது அப்படியொரு கடிதத்தால்தான். இயன்மருத்துவம், பேச்சுச் சிகிச்சை போன்றவற்றுக்கு அனுப்பினால் அவர்களிடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குறிப்பை எழுதி வாங்குங்கள்.

ஒரு கோவை, ஒரு கொப்பி

மூடக்கூடிய பிளாஸ்டிக் கோவை ஒன்று வாங்குங்கள். கறையானும் மார்கழி வெள்ளமும் எங்கள் கடதாசிகளுக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாடப் புத்தகத்தோடு கிளினிக் கொப்பியும் போன வீடுகள் இருந்தன. பிறப்புச் சான்றிதழ், கிளினிக் புத்தகம், வைத்தியர் கடிதங்கள், குடும்ப அட்டைப் பிரதி, நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், தபால் பற்றுச்சீட்டுகள் எல்லாம் இந்தக் கோவைக்குள் இருக்கட்டும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். மூலப்பிரதியை எந்த அலுவலகத்திலும் கையளிக்காதீர்கள். காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள்.

இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாவிட்டால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதை இப்போதே செய்யுங்கள். பாடசாலை, கொடுப்பனவு, பரீட்சை என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

கொப்பியில் எழுத வேண்டியவை நான்கு: திகதி, போன இடம், பேசிய உத்தியோகத்தரின் பதவி, அவர் சொன்னது. "வைகாசி 12, பிரதேச செயலகம், சமூக சேவை உத்தியோகத்தர், இரண்டு கிழமையில் வரச் சொன்னார்" என்றால் போதும். வாசலை விட்டு இறங்கியவுடன் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து சமைத்து முடித்தால் மறந்துவிடும். அடுத்த முறை போய் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துப் பேசினால், "எப்ப வந்தனீங்கள்?" என்ற கேள்வி வராது.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டத்தரணி அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. கீழே உள்ளவற்றைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 12(4) ஆம் உறுப்புரை, அங்கவீனமுற்றவர்களின் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய இடமளிக்கிறது. "ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை தர முடியாது" என்று யாராவது சொன்னால் அதற்கான பதில் இதிலேயே இருக்கிறது.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது அதன் 23 ஆம் பிரிவு. அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது. பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்குள் அவர் போவதற்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கவும் கூடாது. இதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கிறது 24 ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்தளம், பயன்படுத்தக்கூடிய மலசலகூடம் போன்றவற்றைக் கேட்கின்றன.

5 முதல் 16 வயது வரையான கல்வி கட்டாயமானது. 14 ஆக இருந்த மேல் எல்லையை 2016 இல் 16 ஆக்கினார்கள். அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. வடக்கு மாகாணத்தில் நிருவாக மொழி தமிழ். தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்கென ஒரு துணை ஆசிரியரை நாளைக்கே தர வேண்டும் என்று இந்தச் சட்டங்களில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதைத்தான் அவை தெளிவாகத் தடுக்கின்றன. உள்ளே போன பின் கிடைக்க வேண்டியதைப் பேசிப் பேசித்தான் பெற வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேசும் முறை முக்கியம்.

கொடுப்பனவும் உபகரணங்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொகைகளும் படிவங்களும் அடிக்கடி மாறுகின்றன. கிராம அலுவலரிடம் பிள்ளையின் விவரத்தைப் பதியச் சொல்லுங்கள்; பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். அங்கவீனமுற்றவர்களுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும விண்ணப்பத்தில் பிள்ளையின் நிலையைக் குறிப்பிடத் தவறாதீர்கள். பெயர் வராவிட்டால் மேன்முறையீட்டுக் காலம் முடியும் முன் எழுதிக் கொடுங்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவற்றுக்கும் இதே உத்தியோகத்தர்தான் வழி சொல்வார். நாற்காலியைத் தரும்போது பிள்ளையையும் கொண்டுபோய் அளவு பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் நாற்காலியில் சின்னப் பிள்ளையை இருத்தி முதுகு வளைந்துபோனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பாடசாலைக்குப் போகும் நாள்

பிள்ளைக்கு நான்கு வயதாகும்போதே தொடங்குங்கள். ஜனவரி 31 அன்று ஐந்து வயது நிறைவடைந்த பிள்ளைகளைத்தான் முதலாம் தரத்தில் சேர்க்கிறார்கள். அதற்கான விண்ணப்பம் முந்திய ஆண்டிலேயே கோரப்படும். விண்ணப்பப் படிவத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள். பெரிய தமிழ் தேவையில்லை. இந்த அளவு போதும்:

"மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு, எனது மகள் அடுத்த ஆண்டு முதலாம் தரத்தில் சேர வேண்டியவள். அவளுக்கு நடப்பதில் சிரமம் உண்டு. வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன். அவள் பாடங்களைக் கேட்டு விளங்கிக்கொள்வாள். கீழ் மாடியில் வகுப்பறை, முன் வரிசையில் இருக்கை, மலசலகூடம் போக நான் இடைவேளையில் வர அனுமதி ஆகிய மூன்றையும் வேண்டுகிறேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவை மதிப்புடன் நினைவூட்டுகிறேன். தங்கள் முடிவை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். கையொப்பமிடத் தயங்கினால் சண்டை பிடிக்காதீர்கள். தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டும் கையொப்பத்துக்குச் சமம்.

அதிபரைச் சந்திக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கணவரோ, சகோதரியோ, முன்பள்ளி ஆசிரியையோ உடன் வரட்டும். ஒருவர் பேச மற்றவர் எழுதலாம். பிள்ளையையும் கூட்டிப் போங்கள், ஆனால் அவளைச் சோதித்துக் காட்டும் பொருளாக்காதீர்கள். "பாவம், ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ" என்று தொடங்க எங்களுக்கு நாக்கு பழகியிருக்கிறது. பாவம் பார்ப்பவர் மாற்றலாகிப் போனால் அந்த உதவியும் அவரோடு போய்விடும். "என் பிள்ளை படிக்க இந்த மூன்றும் தேவை. இதில் எதை இந்தத் தவணையிலேயே செய்யலாம்?" என்று கேளுங்கள். அதிபரும் ஆசிரியரும் எங்கள் எதிரிகள் அல்ல. நாற்பது பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் நிற்கும் ஆசிரியை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைக்கும் தகவல் உங்களிடம்தான் உள்ளது: பிள்ளைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது, எந்தச் சத்தம் பிடிக்காது, எதைச் சொன்னால் அமைதியாவாள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து வாருங்கள்.

விசேட கல்வி அலகா (விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான தனி வகுப்பு), சாதாரண வகுப்பா என்று கேட்பார்கள். என் கருத்து: பிள்ளையால் சாதாரண வகுப்பில் ஒரு பகுதி நேரமாவது இருக்க முடியுமென்றால் அதைக் கேளுங்கள். அலகில் சேர்ப்பதானால் அங்கு பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, பிள்ளைக்கெனத் தனிக் கற்றல் திட்டம் எழுதுவார்களா, அதைத் தவணைக்கு ஒருமுறை உங்களுக்குக் காட்டுவார்களா என்று விசாரியுங்கள். செவிப்புலன், பார்வை இழந்த பிள்ளைகளுக்குக் கைதடி நுபீல்ட் பாடசாலை போன்ற இடங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. விடுதியில் விடுவதானால் அடிக்கடி போய்ப் பாருங்கள். முன்னறிவித்தல் இல்லாமலும் போங்கள். பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்று ஐயம் வந்தால், அது எந்த இடமானாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

பரீட்சைகளில் மேலதிக நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகள் உள்ளன. அதிபர் ஊடாக, வைத்தியச் சான்றுகளோடு, விண்ணப்ப காலத்திலேயே கேட்க வேண்டும். பரீட்சை அனுமதி அட்டை வந்த பிறகு கேட்டுக் கண்ணீர் விட்ட குடும்பங்கள் உண்டு.

மறுத்தால்

"ஏன்?" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு கிழமை பாருங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். முதற் கடிதத்தின் பிரதியை இணைத்து, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பிரதி போடுங்கள். வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் போய் நேரில் பார்ப்பது பலமுறை கடிதத்தை விட வேகமாக வேலை செய்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விவரமே தர மறுக்கிறார்களா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள்: "எனது விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவு என்ன? இந்தப் பாடசாலைக்குச் சாய்தளம் கட்ட நிதி ஒதுக்கப்பட்டதா?" ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அந்த உத்தியோகத்தரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். இதை எளிய மக்களின் கையில் கிடைத்த மிகக் கூர்மையான கருவி என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது; அவசரத் தொலைபேசி 1996. முறையிடக் கட்டணம் இல்லை. இங்கே ஒரு மாதம் என்ற கணக்கைக் கவனியுங்கள். அரச அதிகாரியின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மறுப்பு வந்த திகதியைக் கொப்பியில் வட்டமிட்டு வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். வழக்கு என்று வந்தால், வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நான் கண்ட பிரச்சினைகளில் பெரும்பாலானவை அவ்வளவு தூரம் போகவில்லை. சட்டப் பிரிவின் இலக்கம் எழுதிய இரண்டாம் கடிதத்திலேயே கதவு திறந்தது.

படம் எடுப்பவர்களைப் பற்றி

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை, வெளிநாட்டு உறவுகளின் பணத்தில் உதவி செய்ய வருவோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் பிள்ளையின் முகத்தையும், அவள் தவழ்வதையும், எங்கள் கூரையின் ஓட்டையையும் படம் பிடித்துப் பெயரோடு வெளியிட வேண்டும் என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "பற்றுச்சீட்டில் கையொப்பம் தருகிறேன், பிள்ளையின் படம் தரமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவளுக்கு நாளைக்குப் பதினைந்து வயதாகும். வகுப்புத் தோழிகள் கையிலும் தொலைபேசி இருக்கும். இதைச் சொன்னதால் ஒருமுறை எங்களுக்கு அரிசி மூட்டை வராமல் போனது. அதற்காக நான் வருந்தவில்லை.

தனியாக முடியாது

மூன்று குடும்பம் போதும். கிளினிக் நாளில் ஒரு ஓட்டோவைப் பிடித்துச் செலவைப் பங்கிடலாம். ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கலாம். கணவரை இழந்த, கணவர் காணாமலாக்கப்பட்ட தாய்மாருக்கு இது வெறும் வசதி அல்ல, மூச்சு. அலுவலகத்துக்கும் மூவராகப் போனால் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள். சாய்தளத்தை ஒரு தாய் கேட்டால் தனிப்பட்ட கோரிக்கை. ஐந்து பெற்றோர் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் அது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறும். அந்தச் சங்கக் கூட்டங்களுக்கும் தவறாமல் போங்கள்.

நாங்கள் பூரணை விடுமுறையில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் கூடுகிறோம். போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகனுக்கு ஆறு வயது, பேச்சு இல்லை, "அடுத்த வருடம்" என்று இரண்டாம் முறையாகச் சொல்லிவிட்டார்களாம். கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்றார். மேலே உள்ள கடிதத்தை என் மகள் வாசிக்க, அவர் தன் கையாலேயே மெதுவாக எழுதினார்; முக்கால் மணித்தியாலம் ஆனது. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்தார். பதிவுத் தபாலில் போட்டுவிட்டாராம். பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டவா, கோவைக்குள் வைக்கவா என்று கேட்டார்.